கடைக்கால் தோண்டிய மண்ணிலேயே சுவர்

பண்ணைக்காடு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் சரிவு நிலம் இருக்கிறது. வீட்டு வரைபடம் ஏறக்குறைய முடிந்த நேரத்தில் இமாச்சலப் பிரதேசத்துத் தர்மசாலா போனேன், திரும்பி வந்ததும் அந்த வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டேன். காரணம், பக்கத்துச் சித்பாரி ஊரில் பார்த்த மண் வீடுகள்.

அவற்றைக் கட்டியவர் டீடீ காண்ட்ராக்டர் என்ற பெண்மணி; காண்ட்ராக்டர் என்பது குடும்பப் பெயர், தொழில் அல்ல. 1929இல் அமெரிக்காவில் பிறந்தவர், கலை படித்தவர், கட்டடக்கலைப் பட்டம் கிடையாது. தர்மசாலா இருக்கிற காங்க்ரா பள்ளத்தாக்கில் குடியேறி, உள்ளூர்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் சேர்த்துக்கொண்டு கட்ட ஆரம்பித்து, 2021இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

கடைக்கால் தோண்டும்போது வருகிற மண்ணையே வைக்கோலோடு மிதித்துக் குழைத்து, அச்சில் அறுத்து, வெயிலில் காயவைத்துச் சுடாத கல்லாகவே சுவர் வைக்கிறார்கள். தர்மசாலா மழை கொட்டித் தீர்க்கிற ஊர், அங்கே மண் சுவரா என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் அடியில் ஆற்றுக்கல்லால் உயரமான மேடை, மேலே சிலேட்டுக்கல் கூரை, அந்தக் கூரையின் இறவாணம் சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருக்கிறது, ஆக மழை சுவரைத் தொடுவதே குறைவு. உள்ளே மாடக்குழிகள், வெளிச்சம் விழுகிற இடம் பார்த்து வைத்த ஜன்னல்கள். இவ்வளவு நவீனமான வீட்டை நான் பார்த்ததில்லை.

சரி, நிலநடுக்கம் வந்தால்? நியாயமான பயம். 1905 ஏப்ரல் 4 அன்று அதே காங்க்ராவில் 20,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். அதற்கான பதிலும் இமாச்சலத்திலேயே இருக்கிறது: காத் குனி. தேவதாரு உத்திரம் ஒரு வரிசை, கல் ஒரு வரிசை என்று மாறி மாறி, சாந்தே இல்லாமல் அடுக்கி, மூலைகளில் மரத்தை ஒன்றோடொன்று கோத்துவிடுவார்கள். பூமி ஆடும்போது சுவரும் கொஞ்சம் நெகிழ்ந்து ஆடும், சட்டென்று பிளக்காது. தேவதாருவுக்கு நான் எங்கே போவேன், ஆனால் சுவரைச் சுற்றி மரச்சட்டங்களைப் பட்டையாகக் கட்டுகிற யோசனையை எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வயதான கொத்தனாரைப் பிடித்தேன், அவர் அப்பா மண் சுவர் வைத்தவராம். நிலத்து மண்ணை நனைத்து, உள்ளங்கையில் திரித்துப் பார்த்து, "களி அதிகம், மணல் சேர்க்கணும் தம்பி" என்றார். தை பிறந்து மழை விட்டதும் முதலில் நூறு கல் அறுத்துக் காயவைக்கிறோம்.