வைரஸ் போய்விட்டது, ஃபைலில் ‘பாசிட்டிவ்’ போகவில்லை

அண்ணனுக்கு வாரம் 3 முறை டயாலிசிஸ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான கார்டில் (உடனடிப் பரிசோதனை அட்டையில்) இரண்டாவது கோடு, அதாவது ‘பாசிட்டிவ்’, விழுந்தது. அதிலிருந்து குணமாகி, பழைய மெஷினுக்கே திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று. மருந்து 12 வாரம், மருந்து முடிந்தபின் காத்திருப்பு 12 வாரம். மீதி இரண்டு மாதம் வீணாகப் போனது. அந்த இரண்டு மாதம் இன்னொருவருக்கும் போகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கோடு விழுந்த அன்றே அவரை ‘சி பாசிட்டிவ்’ அறைக்கு மாற்றினார்கள். இதை அப்போதே தடுத்துக் கேட்டிருக்க வேண்டும். கார்டு காட்டுவது வைரஸை அல்ல, அதை எதிர்க்க உடம்பு செய்யும் ஆன்டிபாடியை. வைரஸ் என்றைக்கோ உடம்புக்குள் வந்தது என்று மட்டும்தான் அதற்குப் பொருள். தொற்றியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸ் போய்விடும், ஆன்டிபாடி மட்டும் தங்கிவிடும். அப்படிப்பட்ட ஒருவரைக் கொண்டுபோய் வைரஸ் உள்ளவர்கள் நடுவில் படுக்க வைத்தால், இல்லாத நோயை நாமே கொடுப்பதாக ஆகும். ஹெபடைடிஸ் சி-க்குத் தனி மெஷின் தேவையில்லை என்பதுதான் சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதல். இங்கே பரவுவது பெரும்பாலும் கை வழியாக: மாற்றாத கையுறை, பலருக்கும் பொதுவாகப் பயன்படும் ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) குப்பி, துடைக்காத மெஷின் பட்டன்கள். எந்த அறையில் படுக்க வைத்தாலும் இவற்றைக் கண்ணால் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைவு என்பதால், வைரஸ் இருந்தும் ஆன்டிபாடி உருவாகாமல் போகலாம். மற்றவர்களுக்கே தொற்றிய பிறகு ஆன்டிபாடி தெரிய சராசரியாக 8 முதல் 11 வாரம் ஆகும். வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தில் தெரிந்துவிடும். காரணம் புரியாமல் எஸ்ஜிபிடி (ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதி) ஏறினால், கார்டு நெகட்டிவ் என்று விட்டுவிடாமல் ஆர்என்ஏ கேளுங்கள்.

ஆர்என்ஏ பரிசோதனைக்கு முதலில் கொடுத்த ரத்தம் வீணாயிற்று. டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே டியூப் லைனிலிருந்து, அதுவும் பச்சை மூடிக் குழாயில் எடுத்துக் கொடுத்தார்கள். பச்சை மூடி என்றால் உள்ளே ஹெப்பரின் இருக்கும், லைனிலும் ஹெப்பரின் ஓடும். ஆர்என்ஏவைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் முறையை அது தடுக்கும். போதாததற்கு, டயாலிசிஸ் நடக்கும்போது ரத்தத்தில் வைரஸ் அளவும் இறங்கும். ஆய்வகம் மாதிரியை நிராகரித்தது எங்களுக்குத் தெரியவே 9 நாள் ஆயிற்று. ஊசி போட்டவுடன், ஹெப்பரின் கொடுக்கும் முன், ஊதா மூடி இடிடிஏ குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். பிளாஸ்மாவை அன்றே பிரித்துவிட வேண்டும். இரண்டாம் முறை இப்படிச் செய்தோம், ரிசல்ட் வந்தது: வைரஸ் இருக்கிறது. அதில் வைரஸ் அளவாக வரும் லட்சக்கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. அதற்கு எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட், வயது இவற்றை வைத்துப் போடும் ஏப்ரி, ஃபிப்-4 கணக்குகள் இருக்கின்றன. டாக்டர் அங்கேயே போட்டுவிடுவார்.

மருந்துக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆனால் சிகிச்சை மையத்திலிருந்து முதல் நாள் சும்மாதான் திரும்பி வந்தோம். ஹெபடைடிஸ் பி-யில் எங்களிடம் இருந்தது, இப்போது தொற்று இருக்கிறதா என்று சொல்லும் மேற்பரப்பு ஆன்டிஜென் ரிப்போர்ட் மட்டும். முன்பு எப்போதாவது வந்திருந்தாலும் காட்டிவிடும் கோர் ஆன்டிபாடி ரிப்போர்ட் இல்லை. அதைக் கேட்டது நியாயம்தான். சி வைரஸ் விலகியதும், அடங்கிக் கிடந்த பி வைரஸ் கிளம்பி ஈரலையே செயலிழக்க வைத்த சம்பவங்கள் உண்டு. அமெரிக்காவின் எஃப்டிஏ 2016-ல் இந்த மருந்துகளின் மேல் அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையான கறுப்புப் பெட்டி எச்சரிக்கையே போட்டது. எனவே இரண்டு ரிப்போர்ட்டும், சிறுநீரக டாக்டரின் கடிதமும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலும் முதல் நாளே கையில் இருக்கட்டும். முதல்முறை சிகிச்சை என்றால் வைரஸ் எந்த வகை என்று பார்க்கும் ஜீனோடைப் பரிசோதனைக்காகத் தனியாரிடம் பணம் கட்டாதீர்கள். இப்போதைய மருந்துகள் எல்லா வகைக்கும் வேலை செய்யும்.

மருந்து 12 வாரமும் சிக்கலில்லாமல் போனது. சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், வெல்படாஸ்விர் 100 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, மொத்தம் 84. கவனிக்க வேண்டியவை: நெஞ்செரிச்சல் மாத்திரை வெல்படாஸ்விரை உடம்பில் சேரவிடாது, தவிர்க்க முடியாவிட்டால் நேர இடைவெளியை டாக்டரிடம் கேளுங்கள். டிபி மருந்தான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமாசெபினும் கூடவே கூடாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

குணமானதை உறுதி செய்வது கடைசி மாத்திரைக்கு 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்என்ஏ. மாத்திரை முடிந்த அன்று எடுத்தது கணக்கில் வராது. 12 வாரம் காத்திருந்து, ‘கண்டறியப்படவில்லை’ என்ற தாளோடு டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போனோம். அவர்கள் தங்கள் வழக்கப்படி மறுபடி கார்டு போட்டார்கள். கோடு விழுந்தது. “இன்னும் பாசிட்டிவ்தானே காட்டுது, சார். நாங்க எப்படி மாத்துறது?”

இந்த ஒரு வாக்கியத்தோடு ஒரு மாதம் போராடினோம். ஆன்டிபாடி பல வருடம் இருக்கும், சாகும்வரைகூட இருக்கலாம். குணமானவருக்குக் கார்டு போடுவதால் எந்தத் தகவலும் கிடைக்காது.

அங்கிருந்த சிஸ்டர் நல்லெண்ணத்தோடு கேட்ட கேள்வி இன்னும் முக்கியமானது. “பி-க்கு ஆன்டிபாடி பாசிட்டிவ்னா பாதுகாப்புன்னு எழுதறோம். அப்ப சி-க்கும் ஆன்டிபாடி இருந்தா இனிமே வராதுதானே? எந்த மெஷின்ல போட்டா என்ன?” குழப்பத்தின் வேரே இதுதான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டவருக்கு மேற்பரப்பு ஆன்டிபாடி 10 யூனிட்டைத் தாண்டினால் பாதுகாப்பு. சி-யில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. குணமானவருக்கு மறுபடியும் தொற்றும். அவரை வைரஸ் உள்ளவர்கள் அறையிலேயே வைத்திருந்தால், 84 மாத்திரையும் வீண்.

ஏன் அப்படி? இந்த வைரஸ் ஒரு நோயாளியின் உடம்பில் ஒரு நாளைக்கு லட்சம் கோடி அளவில் பெருகும். அதன் நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. ஆன்டிபாடி குறிவைக்கும், வைரஸின் வெளிப்புறத்தில் உள்ள இ2 புரதத்தின் ஒரு பகுதி ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். மாறாத பகுதிகளைச் சர்க்கரை மூலக்கூறுகள் மூடியிருக்கும். போதாக்குறைக்கு நம் கொழுப்புத் துகள்களையே போர்த்திக்கொண்டு ரத்தத்தில் சுற்றும். உடம்பு இன்று ஆன்டிபாடி செய்து முடிப்பதற்குள் வைரஸ் வேறு உருவத்துக்குப் போயிருக்கும். வைரஸைத் தானாக விரட்டியவர்களிடம் வலுவான டி செல்கள் (தொற்றிய செல்களை அழிக்கும் வெள்ளை அணுக்கள்) தெரிந்தன. நாள்பட்டவர்களிடம் அதே டி செல்கள் களைத்து ஓய்ந்திருந்தன, மருந்தால் குணமான பிறகும் அவை முழுதாகத் தேறுவதில்லை.

அதனால் டி செல்களைத் தூண்டும் தடுப்பூசி ஒன்றைச் செய்து, அமெரிக்காவில் பால்டிமோர், சான் ஃபிரான்சிஸ்கோ, அல்புகெர்க்கி நகரங்களில் போதை ஊசி போடும் 548 பேரிடம் சோதித்தார்கள். 56 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. ஊசி போட்டவர்களில் 78 சதவீதம் பேருக்கு டி செல்கள் எழும்பின. 2021-ல் முடிவு வெளியானபோது, நாள்பட்ட தொற்று தடுப்பூசிக் குழுவில் 14 பேருக்கு, போலி ஊசிக் குழுவிலும் 14 பேருக்கு. தொற்றியவர்களிடம் வைரஸின் உச்ச அளவு மட்டும் தடுப்பூசிக் குழுவில் குறைந்திருந்தது. வைரஸ் 1989-ல் கண்டறியப்பட்டும் இன்றுவரை தடுப்பூசி இல்லை. ‘ஊசி போட்டாச்சு, பயமில்லை’ என்று யாராவது சொன்னால் அவர்கள் பேசுவது பி-யைப் பற்றி.

கடைசியில் காரியம் ஆனது வாய்ப்பேச்சால் அல்ல. ஈரல் டாக்டரிடம் நான்கு வரிக் கடிதம் வாங்கினோம்: சிகிச்சை முடிந்த தேதி, 12 வாரத்துக்குப் பிந்தைய ஆர்என்ஏ ரிசல்ட், “ஆன்டிபாடி பரிசோதனை இனி தேவையில்லை”, “6 மாதத்துக்கு ஒருமுறை ஆர்என்ஏ எடுக்கவும்”. அதை ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொன்னோம். யூனிட் பொறுப்பு டாக்டர் படித்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை ஷிஃப்டில் அண்ணனுக்குப் பழைய மெஷின் கிடைத்தது. அடுத்த ஆர்என்ஏ தேதியையும், ‘ஊதா மூடி, ஹெப்பரினுக்கு முன்’ என்பதையும் அதே பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.