பின்னிருக்கையிலிருந்து பாஸ் மீன்: மூன்று பருவங்களின் குறிப்பு

டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் காரில் சென்றால் லேக் ஃபோர்க் வரும். 1980-இல் அணை எழுந்த இந்த நீர்த்தேக்கம் ஏறத்தாழ 27,000 ஏக்கர் பரப்புடையது. நீர் ஏறுவதற்கு முன் மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் விட்டதால், பட்டுப்போன மரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேலே கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. டெக்சாஸ் மாநிலத்தின் சாதனை மீனான 18.18 பவுண்டு லார்ஜ்மவுத் பாஸ் (பெரிய வாயுள்ள நன்னீர் வேட்டை மீன்) 1992 ஜனவரியில் இங்கேதான் பிடிபட்டது. தாமிரபரணிக் கால்வாயில் தக்கையும் மண்புழுவும் வைத்துக் கெண்டை பிடித்த சிறுவயதுப் பழக்கத்தை மட்டும் நம்பி, மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் வந்து நின்றேன். அன்றிலிருந்து மீன் கிடைத்த நாட்களையும் வெறுங்கையோடு திரும்பிய நாட்களையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். படகு வாங்க வசதியில்லாமல் பொழுதுபோக்காகப் போட்டிகளில் கலந்துகொள்ள நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியவற்றை அதிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

முதல் ஆறு பயணங்களில் ஒரு மீனும் கிடைக்கவில்லை. தக்கை அமிழும்வரை காத்திருப்பதே மீன்பிடிப்பு என்று பழகிய எனக்கு, இரையை மீன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது புரியவே இரண்டு மாதங்கள் ஆயின. பாஸ் பெரும்பாலும் பதுங்கி இருந்து பாயும் மீன். ஒரு கட்டை, ஒரு பாசித் திட்டின் விளிம்பு, படகுத்துறைத் தூணின் நிழல் என்று ஏதாவது ஒரு மறைவில் ஒட்டி நின்று, எட்டும் தூரத்தில் வருவதைத்தான் எடுக்கும். நம் ஊர்க் குளங்களில் விரால் பிடித்தவர்களுக்கு இந்தக் குணம் புதிதல்ல. தாமரை இலை ஓரமாக ரப்பர்த் தவளையை இழுத்து விராலை எழுப்புவதைப் போலவே இங்கும் பாசிமேல் தவளையை இழுக்கிறார்கள். நானோ வெட்டவெளித் தண்ணீரில் கிராங்க்பெய்ட் என்ற மீன் வடிவச் செயற்கை இரையை வேகமாகச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தேன். மறைவிடத்துக்கு அருகில் வீசினால் அதன் மும்முனைத் தூண்டில் முட்கள் மரக்கிளையில் மாட்டி, தூண்டில் நரம்பு அறுந்து போகும்.

டெக்சாஸ் ரிக் என்ற முறையில் இரையைக் கட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் நிலைமை மாறியது. துப்பாக்கிக் குண்டின் வடிவிலுள்ள, நடுவே துளையிட்ட சிறிய எடையை முதலில் நரம்பில் கோக்க வேண்டும். பிறகு கழுத்தருகே படிபோல மடிந்த முள்ளைக் கட்ட வேண்டும். முடிச்சை இறுக்கும்முன் எச்சிலால் நனைப்பது அவசியம். உலர்ந்த நரம்பை அப்படியே இழுத்தால் உராய்வில் சூடேறி அந்த இடத்திலேயே வலுவிழந்துவிடும். ரப்பர்ப் புழுவின் தலையில் முள்முனையைக் கால் அங்குலம் செலுத்திப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளை முழுவதும் இழுத்து, மடிப்பு தலைக்குள் போய் அமரும்படி திருப்பி, மறுபடியும் முனையைப் புழுவின் உடலுக்குள் புதைக்க வேண்டும். புழு கோணாமல் நேராகத் தொங்குகிறதா என்று கண்ணெதிரே தூக்கிப் பார்ப்பேன். சிறிது கோணினாலும் இழுக்கும்போது சுழன்று நரம்பை முறுக்கிவிடும், மீனும் நம்பாது. முள்முனை வெளியே தெரியாததால் இதை அடர்ந்த கிளைகளுக்கிடையேயும் துணிந்து போடலாம்.

இந்த முறையில் கடியை உணர்வதுதான் மிகக் கடினமான பாடம். பெரிய மீன் என்றால் கோலைப் பிடுங்கும் என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அது தன் பெரிய வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சிக்கொள்கிறது. கையில் வந்து சேர்வது விரல்நுனியால் மேசையைத் தட்டியது போன்ற ஒரே ஒரு அதிர்வு. சில நேரம் அதுவும் இராது, தொங்கிய நரம்பு மெல்லப் பக்கவாட்டில் நகரத் தொடங்கும், அவ்வளவுதான். ஏழாவது பயணத்தில், ஒரு மரத்தடியில் புழு இறங்கிக்கொண்டிருந்தபோது, ஆறடி ஆழத்தில் அடியைத் தொட வேண்டியது மூன்றடியிலேயே நின்றுவிட்டதை நரம்பின் தளர்ச்சி காட்டியது. தளர்ச்சியைச் சுற்றி எடுத்துச் சுண்டி இழுத்தேன். அதுதான் என் முதல் பாஸ், 17 அங்குலம்.

அதைத் தண்ணீரிலேயே விட்டேன், விடத்தான் வேண்டும். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது; 24 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளதில் நாளொன்றுக்கு ஒன்றுதான் அனுமதி. குஞ்சு பொரிக்கும் வயதிலுள்ள மீன்களைக் காக்கும் இந்த விதியும், பெரிதாக வளரும் ஃபுளோரிடா இனப் பாஸைக் கொண்டுவந்து விட்டதும் சேர்ந்துதான் இந்த ஏரியைப் பெயர்பெற்றதாக்கின. 13 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள பெண் மீன்களைப் பிடித்தவர்களிடமிருந்து இனப்பெருக்கத்துக்காகக் கடன் வாங்கும் திட்டத்தையும் மாநில அரசு 1986 முதல் நடத்தி வருகிறது. ஏரியைக் குத்தகைக்கு விட்டுச் சல்லடையாக அரித்தெடுப்பதையே பார்த்து வளர்ந்த எனக்கு, விதி ஒன்று ஒரு மீனை இப்படி வளர்த்தெடுத்திருக்கிறது என்பது பெரும் மதிப்பை உண்டாக்கியது.

இரண்டாம் பருவத்தில் நோட்டில் ஒரு பத்தி கூடியது: நீரின் வெப்பநிலை. பாஸ் குளிர்இரத்த உயிரி. தண்ணீரின் சூடே அதன் பசியையும் வேகத்தையும் தீர்மானிக்கிறது. பிப்ரவரி முடிவில் தண்ணீர் 55 பாகை ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது, பெண் மீன்கள் ஆழத்திலிருந்து குடாக்களின் வாய்ப்பகுதிக்கு வந்து வயிறு நிறையத் தின்கின்றன. 60-ஐத் தாண்டியதும் ஆண் மீன் ஆழமற்ற இடத்தில் வாலால் அடித்துத் தரையைச் சுத்தம் செய்து வட்டமாகக் கூடு அமைக்கிறது; பெண் முட்டையிட்டுப் போன பிறகு, முட்டையையும் குஞ்சுகளையும் காவல் காப்பது ஆண்தான். கூட்டில் நிற்கும் மீனைக் கண்ணால் பார்த்தே பிடிக்கும் வழக்கம் இங்கே உண்டு, சட்டப்படி குற்றமும் இல்லை. ஆயினும் தந்தை விலகிய சில நிமிடங்களில் சிறு மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்னுவதை ஒருமுறை தெளிந்த நீரில் நேரே பார்த்த பிறகு, கூட்டு மீனை நான் தொடுவதில்லை. போட்டியில் இதனால் எனக்கு இழப்பு நேரலாம்; அதற்கு நான் உடன்படுகிறேன்.

போட்டிக்கு வருகிறேன். பாஸ் போட்டிகள் இன்றைய வடிவம் பெற்றது 1967-இல். அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் என்ற காப்பீட்டு விற்பனையாளர், ஆர்கன்சாவின் பீவர் லேக்கில் அந்த ஆண்டு நடத்திய போட்டியிலிருந்து அது வளர்ந்தது. பிடித்த மீனைக் கொல்லாமல் எடைபோட்டுத் திரும்ப விடும் வழக்கத்தை 1972-இல் அவரே வலியுறுத்தினார். படகு இல்லாத என் போன்றவர்களுக்கு இவற்றில் ஒரு வழி இருக்கிறது: கோ-ஆங்லர். குறைந்த நுழைவுக் கட்டணம் கட்டினால், குலுக்கலில் ஒரு படகுக்காரரோடு சேர்த்துவிடுவார்கள். அவர் முன்மேடையில் நின்று படகை நடத்துவார்; நாம் பின்னால் நின்று பிடிக்க வேண்டும். எங்கே போவது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதெல்லாம் அவர் முடிவு. இருவருக்கும் எடை தனித்தனி. கோ-ஆங்லர்கள் தங்களுக்குள்தான் போட்டியிடுகிறார்கள். உயிருள்ள இரைக்கு அனுமதியில்லை.

என் முதல் போட்டி மார்ச் மாதத்தில் சாம் ரேபர்ன் நீர்த்தேக்கத்தில் நடந்தது. ஏஞ்சலினா ஆற்றின் குறுக்கே எழுந்த அணையால் உருவான, 1,14,000 ஏக்கர் அளவிலான, பைன் காடுகள் சூழ்ந்த ஏரி அது. விடியலுக்கு முன் பச்சை, சிவப்பு விளக்குகளோடு படகுகள் வரிசையில் மிதந்தபடி தங்கள் எண் அழைக்கப்படக் காத்திருந்தன. உயிர்காப்பு அங்கியின் பட்டைகளை இழுத்துப் பார்த்து, எஞ்சினை நிறுத்தும் கயிற்றைத் தன் அங்கியில் மாட்டிக்கொண்ட பிறகே படகுக்காரர் சாவியைத் தொட்டார். அறுபது வயதைக் கடந்த அந்த மனிதர், நாள் முழுவதும் ஒரு நல்ல இடத்தையும் என்னிடமிருந்து மறைக்கவில்லை.

அவர் நான்கு மீன் பிடித்தார்; எனக்கு ஒன்றுமில்லை. காரணம் எனக்கு மதியம்தான் விளங்கியது. அவர் பாசி விளிம்பில் கிராங்க்பெய்ட் வீசினார்; நானும் அதே நிறத்தில், அதே ஆழத்துக்கு, அவர் வீசி முடித்த அதே தண்ணீரில் அதையே வீசிக்கொண்டிருந்தேன். அதைக் கடிக்க மனமுள்ள மீனெல்லாம் முன்னிருக்கைக்கே போய்விட்டது. பின்னிருக்கையில் நிற்பவனுக்கு எஞ்சுவது, ஓர் இரை கடந்து போனதைப் பார்த்தும் அசையாமல் நின்றுவிட்ட மீன். அதற்கு வேறொன்றை, வேறு வேகத்தில், வேறு கோணத்திலிருந்து காட்ட வேண்டும். இதுதான் மூன்று பருவங்களில் நான் கற்றவற்றுள் முதன்மையானது. அதற்குப் பின் என் பெட்டியிலிருந்த பொருட்களில் பாதியை வீட்டிலேயே விட்டுச் செல்கிறேன்.

அந்த மீனுக்கு நான் நம்பிப் போடுவது, கேரி யமமோட்டோ என்ற இரைத் தயாரிப்பாளரின் சென்கோ வகையைச் சேர்ந்த ஐந்து அங்குல மென்குச்சி இரை. பார்வைக்கு ஒரு பென்சில் துண்டுதான். ரப்பரில் உப்பு கலந்திருப்பதால் எடை கட்டாமலே அமிழும். அமிழும்போது இரு முனைகளும் மெல்ல நடுங்கும். நடுவில் முள்ளைக் குத்தி, பாசித் திட்டின் இடைவெளியில் போட்டுவிட்டு, நரம்பைத் தளரவிட்டுப் பதினைந்து வரை எண்ணுவேன். படகு நகர்ந்துகொண்டே இருக்கும்போது இப்படி நிதானமாக இருக்க மனப்பயிற்சி வேண்டும்; அதனால் படகு போகும் திசைக்குப் பின்னால் அல்லாமல் சற்று முன்னோக்கி, படகுக்காரர் வீசும் கோட்டுக்குள் நுழையாமல் வீசிக்கொள்கிறேன். அந்தப் பாசி ஹைட்ரில்லா. 1950-களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியாக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வந்து, பிறகு இங்கெல்லாம் பரவிய செடி. நம் குளங்களில் காலைச் சுற்றிய அதே பாசியின் ஓரத்தில் நின்று இங்கே மீனைத் தேடுகிறேன் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

இரண்டாம் போட்டியில் மீன் கிடைத்தது, தவறும் நேர்ந்தது. சாம் ரேபர்னில் குறைந்த அளவு 14 அங்குலம். அளவுப் பலகையில் மீனை வைத்தபோது வாய் சற்றுத் திறந்திருந்ததை அவசரத்தில் கவனிக்கவில்லை. பதினான்கைத் தொட்டது என்று படகிலுள்ள நீர்த்தொட்டியில் இட்டேன். எடை மேடையில் வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து அளந்தபோது கோட்டுக்கு நூலிழை உள்ளேதான் இருந்தது. அந்த மீன் கணக்கில் சேரவில்லை; அதற்கு மேல் ஒரு பவுண்டும் தண்டமாகக் கழிந்தது. நடுவர் நடந்துகொண்டது முற்றிலும் நியாயம். இப்போது மூக்கைப் பலகையின் சுவரோடு அழுத்தி, வாயை மூடி, இரண்டு முறை அளக்கிறேன். ஐயம் எழுந்தால் அங்கேயே விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் போட்டி ஜூனில் வந்தது. கோடையில்தான் மீனை உயிரோடு வைத்திருப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று தெரிகிறது. தண்ணீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைகிறது. மீனின் தேவையோ கூடுகிறது. எனவே முந்தின இரவே நான்கு பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து எடுத்துச் சென்றேன். பனிக்கட்டியை நேராகத் தொட்டியில் போடுவதில்லை. குழாய்நீரிலுள்ள குளோரின் மீனுக்குக் கேடு. மூடிய பாட்டிலை மிதக்கவிட்டால் குளிர்ச்சி மட்டும் இறங்கும். மீனைத் தொடும்முன் கையை நனைத்துக்கொள்கிறேன், அதன் மேலுள்ள வழவழப்புப் போனால் நோய் தொற்றும். பெரிய மீனை உதட்டைப் பிடித்துக் கிடையாகத் தூக்கினால் தாடை தளர்ந்துவிடும். மற்றொரு கையால் வயிற்றைத் தாங்க வேண்டும். இறந்த மீன் ஒவ்வொன்றுக்கும் அந்தப் போட்டியில் நான்கு அவுன்ஸ் கழித்தார்கள். இந்தத் தண்டனை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அன்று மூன்று மீன்கள், மொத்தம் 7 பவுண்டு 2 அவுன்ஸ். இரண்டு மென்குச்சியில், ஒன்று டெக்சாஸ் ரிக்கில். மூன்றும் படகுக்காரர் வீசிக் கடந்த இடங்களிலேயே கிடைத்தன. பரிசு வரிசைக்கு வெகு தொலைவில்தான் இருந்தேன். எடைபோட்டு முடித்ததும் பையைத் துறையின் ஓரத்துக்குக் கொண்டுபோய், முழங்காலிட்டு ஒவ்வொன்றாகத் தண்ணீரில் வைத்தேன். இரண்டு உடனே நழுவிப் போயின. மூன்றாவது, பெரியது, உடல் சாய்ந்து நின்றது. வயிற்றடியில் உள்ளங்கையை வைத்து நிமிர்த்திப் பிடித்திருந்தேன். செவுள் மூடி திறப்பதும் மூடுவதும் முதலில் ஒழுங்கற்றிருந்து, பிறகு சீராயின. ஏறக்குறைய மூன்று நிமிடங்கள் கழித்து வாலை ஒருமுறை அடித்து என் கையைத் தள்ளிவிட்டு ஆழத்துக்குள் இறங்கியது.

அடுத்த போட்டிக்குப் பிப்ரவரி இறுதியில் பதிவு செய்திருக்கிறேன். தண்ணீர் அப்போது 55 பாகையை ஒட்டி இருக்கும். அதற்குள் 15 பவுண்டு தாங்கும் நரம்பைப் புதிதாகச் சுற்றிக்கொள்ள வேண்டும், ஆழத்திலிருந்து மேலேறும் மீனுக்காக ஜிக் (முள்ளோடு எடை சேர்ந்த இரை) போடப் பழக வேண்டும். இரண்டையும் டிசம்பரிலேயே லேக் ஃபோர்க்கின் மரங்களுக்கிடையே தொடங்கப் போகிறேன்.