மற்றும் மகளிர் அணியினர்

எங்கள் பெரியம்மாவுக்கு ஊரில் பெயர் கிடையாது. கட்சிக்காரம்மா, அவ்வளவுதான். ரேஷன் கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் அவர் அதுதான். பத்திரிகை வைக்க வருபவர்கள்கூட உறை மேல் என்ன பெயர் எழுதுவது என்று என்னிடம் ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். மதுரைக்குக் கிழக்கே ஒரு சின்ன பேரூராட்சி எங்களுடையது. அங்கே நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே கட்சியில் இருந்தார். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அந்தக் கட்சி மேல் போய்விடும், எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. தவிர, பக்கத்துத் தெருவில் வேறு கொடி பிடித்த அக்காக்களுக்கும் கதை இதேதான்.

பொதுக்கூட்டம் என்றால் ஐம்பது பெண்களைத் திரட்டி வருவது பெரியம்மா பொறுப்பு. வேனுக்குச் சொல்லி, கைக்குழந்தைக்காரிகளை ஸ்பீக்கர் பக்கம் உட்கார வைக்காமல் தள்ளி வைத்து, ராத்திரி பதினொரு மணிக்குத் தலை எண்ணி வண்டியில் ஏற்றி, ஒவ்வொருத்தியையும் அவளவள் வீட்டு வாசலில் விட்டு, 'என்னத்தா இந்நேரத்துக்கு' என்று கேட்கிற மாமியார்களுக்குப் பதில் சொல்லி, அப்புறம்தான் அவர் வீட்டுக்கு வருவார். மறுநாள் காலை மாவட்டம் வந்தால் ஆரத்தித் தட்டு. மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர். கட்சியில் ஆளைப் பதவியால்தான் சொல்வார்கள். 'மாவட்டம் கிளம்பிட்டாரு', 'ஒன்றியம் சாப்பிட்டாரா', 'நகரம் கோவமா இருக்காரு'. பெண்களை மட்டும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அவர்கள் எல்லாரும் சேர்ந்து 'மகளிரணி'.

1996-ல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்ற சட்டப்படி தமிழ்நாட்டில் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் அது. பெரியம்மா புதுச்சேலை எடுத்துவிட்டார். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவருக்குத்தான் என்பது அவ்வளவு நிச்சயம். சீட்டு யாருக்குக் கிடைத்தது தெரியுமா, உள்ளூர்ச் செயலாளரின் மனைவிக்கு. அதுவரை ஒரு தெருமுனைக் கூட்டத்துக்குக்கூட வராதவர். பெரியம்மா ஒருநாள் சாப்பிடவில்லை. அடுத்த நாள் அந்த மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போய்விட்டார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஏன் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, 'கட்சி நிக்கிதுல்ல' என்றார்.

செயலாளரின் மனைவி ஜெயித்தார். அப்புறம் நடந்தது ஊரறிந்த கதைதான், கூட்டத்துக்கு வீட்டுக்காரர் போவார், கையெழுத்துக்கு மட்டும் நோட்டு வீட்டுக்கு வரும். ஆனால் இதிலும் ஒரு சங்கதி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அந்தம்மாவுக்கு நான் செய்கிற துரோகம். மூன்றாவது வருடமோ என்னவோ, தெருக்குழாய் வேலைக்குப் போட்ட கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் பெரிய சண்டை. அன்றைக்குச் சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்தது எங்கள் பெரியம்மா வீட்டுத் திண்ணையில்தான். நாற்காலியில் உட்கார வைத்தால் நாளாக ஆக யாருக்கும் கணக்குக் கேட்கத் தோன்றிவிடும் போலிருக்கிறது. பிறகு வார்டு பொதுவுக்குத் திரும்பியபோது வீட்டுக்காரரே நின்றார்.

'பெண்கள் அரசியலுக்கு வரத் தயங்குகிறார்கள்' என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். வந்து நாற்பது வருடம் நின்றுகொண்டிருக்கிறார்கள். கிளை, பேரூர், ஒன்றியம், மாவட்டம் என்று மேலே போகும் ஏணி ஒன்று இருக்கிறது, மகளிர் அணி என்று பக்கவாட்டில் நீளும் தாழ்வாரம் ஒன்று இருக்கிறது. பெண்ணைத் தாழ்வாரத்தில் விட்டுவிடுவார்கள். அதில் எவ்வளவு தூரம் நடந்தாலும் மாடி வராது. திராவிடக் கட்சிகளில் துணைச் செயலாளர் பதவிகளில் ஒன்றைப் பெண்ணுக்கு என்று ஒதுக்கி வைக்கும் வழக்கம் உண்டு, நல்லதுதான், ஆனால் செயலாளர் பதவியை அப்படி யாரும் ஒதுக்குவதில்லை. சீட்டுக்குப் பெயர் எழுதி அனுப்புகிறவர் செயலாளர்தானே. தூத்துக்குடி வடக்குக்கு கீதா ஜீவன் திமுக மாவட்டச் செயலாளராக இருப்பது மாதிரி ஒன்றிரண்டு உண்டு. அவருக்கு முன்னால் அவர் அப்பா பெரியசாமி அங்கே கட்சியைக் கையில் வைத்திருந்தவர். கீதா ஜீவனின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, வாசல் எந்தப் பக்கமாகத் திறக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1967-ல் அண்ணா முதலில் அமைத்த அமைச்சரவையில் அவரையும் சேர்த்து ஒன்பது பேர், அதில் ஒருவர் சத்தியவாணி முத்து. 2021-ல் பதவியேற்ற அமைச்சரவையில் முதல்வரோடு 34 பேர், பெண்கள் இரண்டு பேர். ஒன்பதுக்கு ஒன்று என்ற அதே கணக்கில் வந்திருந்தால்கூட ஏறக்குறைய நான்கு பேர் இருக்க வேண்டும். ஐம்பது வருடத்தில் நாம் முன்னால் போயிருக்கிறோமா பின்னால் வந்திருக்கிறோமா? சத்தியவாணி முத்து லேசுப்பட்ட ஆளில்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கட்சியில் நியாயம் கிடைக்கவில்லை என்று சொல்லி 1974-ல் வெளியே வந்து தனிக்கட்சியே கண்டவர், பிறகு அதை அதிமுகவோடு இணைத்து, 1979-ல் மத்திய அமைச்சரும் ஆனார். அவர் படத்தை இன்று எத்தனை மேடையில் பார்க்கிறீர்கள்?

இவ்வளவுக்கும் நாம் பிந்தி வந்தவர்கள் இல்லை. சென்னை மாகாணத்தில் 1921-லேயே பெண்களுக்கு (சொத்துத் தகுதி, அது இது என்று இருந்தாலும்) ஓட்டு கிடைத்துவிட்டது. 1927-ல் முத்துலட்சுமி ரெட்டி மாகாணச் சட்டசபைக்குள் போய் அதன் துணைத்தலைவரும் ஆகிவிட்டார். ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்று பட்டம் கொடுத்ததே 1938-ல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு. பட்டம் கொடுக்கிற இடத்தில் இருந்தவர்களை ஆரத்தி எடுக்கிற இடத்துக்கு எப்போது கொண்டுவந்தோம் என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் நன்றாக இருக்கும்.

'அதான் ஜெயலலிதா இருந்தாங்களே' என்று உடனே ஒரு பதில் வரும். இருந்தார். 1989 மார்ச் 25-ல் சட்டமன்ற அமளியில் தன் சேலை பிடித்து இழுக்கப்பட்டதாக அவர் சொன்ன அன்று, எங்கள் தெருவில் கட்சி பேதமில்லாமல் பெண்கள் குழாயடியில் கூடிக்கூடிப் பேசினார்களாம், பெரியம்மா சொல்வார். 1991-ல் அவர் முதல்வரானபோது பேரவைக்குள் போன பெண்கள் 32 பேர். அந்த எண்ணிக்கையை அவராலேயே பிறகு தொட முடியவில்லை. 2016-ல் அவர் மறுபடி ஜெயித்தபோது 21. அவர் போன பிறகு 2021-ல் 12. மொத்தம் 234-ல் பன்னிரண்டு. அந்தத் தேர்தலில் பெண் வாக்காளர்கள் ஆண்களைவிட ஏறக்குறைய பத்து லட்சம் அதிகம். உச்சியில் ஒரு பெண் இருந்தார், அவருக்கும் ஆரத்தித் தட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய எல்லாப் படியிலும் ஆண்கள்தான். அவர் இறங்கியதும் ஏணி பழையபடி இருந்தது. இதற்கு அவர் மேலும் எனக்கு வருத்தம் உண்டு.

அந்தப் பன்னிரண்டு பேரின் தொகுதிகளை எடுத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். தாராபுரம், மானாமதுரை, குடியாத்தம், கிருஷ்ணராயபுரம், நிலக்கோட்டை, மதுராந்தகம். பாதிக்குக் குறையாமல் தனித்தொகுதிகள். ஏன் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். 'பொதுத்தொகுதின்னா நாலு பெரிய மனுசன் துண்டு போட்டு வச்சிருப்பான், அவனை எந்திரின்னு சொல்லணும், யார் சொல்றது' என்றார். பெண்ணுக்கும் கொடுத்த மாதிரி ஆச்சு, தலித்துக்கும் கொடுத்த மாதிரி ஆச்சு, யாரும் எழுந்திருக்கவும் வேண்டாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்பதில் கட்சிகள் கெட்டிக்காரர்கள்.

பெரியம்மாவும் ஒருமுறை சட்டமன்றத்துக்கு விருப்ப மனு கொடுத்தார். பெண்களுக்குக் கட்டணத்தில் சலுகை, ஆனாலும் அது அவருடைய இரண்டு வளையல். நேர்காணலுக்குச் சென்னை போனோம், நானும் துணைக்குப் போனேன். கஞ்சி போட்டுத் தேய்த்த கரைச்சேலை, கையில் ஒரு கோப்பு, அதில் அவர் போன போராட்டங்களின் படங்கள், பதினைந்து நாள் சிறையில் இருந்ததற்கான காகிதம், எங்கள் பகுதியில் எந்த பூத்தில் கட்சிக்கு எத்தனை ஓட்டு என்று அவர் கையாலேயே எழுதிய பட்டியல். உள்ளே போனவர் மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். இரண்டு கேள்விதானாம். வீட்டுக்காரர் என்ன செய்கிறார், எவ்வளவு செலவு செய்ய முடியும். பெரியப்பா இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. கோப்பைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ராத்திரி பேருந்தில் விழுப்புரம் தாண்டுகிற வரை பேசாமல் வந்தவர், 'பொம்பளை நின்னா தோத்துருவாளாம், அதான் யோசிக்கிறாங்களாம்' என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோற்றுவிடுவார்களா? கோவை தெற்கில் 2021-ல் கமல்ஹாசனைத் தோற்கடித்தது வானதி சீனிவாசன். அதே தேர்தலில் தாராபுரத்தில் பாஜகவின் மாநிலத் தலைவராக இருந்த எல். முருகனைத் தோற்கடித்தது திமுகவின் கயல்விழி செல்வராஜ். திண்டுக்கல்லில் மார்க்சிஸ்ட் கட்சியின் பாலபாரதி 2001, 2006, 2011 என்று மூன்று முறை ஜெயித்தார், அவரிடம் என்ன பண மூட்டையா இருந்தது? நாம் தமிழர் கட்சி 2021-ல் 117 ஆண்கள், 117 பெண்கள் என்று சரிபாதியாக நிறுத்தியது. ஒருவரும் ஜெயிக்கவில்லை, ஆண்களும்தான் ஜெயிக்கவில்லை. தோற்கிற இடத்தில் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று மற்றக் கட்சிக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். அந்தக் கட்சியோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, ஆனால் 117 பெண்கள் வேட்புமனு நிரப்பவும் செலவுக் கணக்கு எழுதவும் கற்றுக்கொண்டதைச் சும்மா என்று தள்ள மனம் வரவில்லை.

உள்ளாட்சியில் 2016-ல் ஒதுக்கீடு பாதியாக உயர்ந்தது, 2022-ல் 21 மாநகராட்சிகளில் பாதிக்கு மேல் பெண் மேயர்கள். சென்னையில் பிரியா பதவியேற்றபோது வயது 28. சந்தோஷம்தான். ஆனால் கவுன்சிலராக நன்றாக வேலை செய்த பெண் அடுத்து எங்கே போகிறார்? பெரும்பாலும் வீட்டுக்கு. வார்டு சுழன்று போய்விடும், கட்சியில் அவருக்கு இருக்கிற பதவி அதே தாழ்வாரம். இன்னொன்றையும் மதுரைக்காரியாக நான் சொல்லியாக வேண்டும். வில்லாபுரத்தில் லீலாவதி என்று ஒரு கவுன்சிலர் இருந்தார், கைத்தறி நெசவாளி, மார்க்சிஸ்ட் கட்சி. பணத்துக்குத் தண்ணீர் விற்பவர்களை எதிர்த்து, வார்டுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரப் போராடினார். 1997 ஏப்ரலில் பட்டப்பகலில் கடைத்தெருவில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். கவுன்சிலராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் அன்று பெரியம்மாவைக் கட்சி வேலை போதும் என்று எல்லாரும் கெஞ்சினோம். அவர் வில்லாபுரத்துக்குத் துக்கத்துக்குப் போய்விட்டு வந்தார், வேறு கட்சி, இருந்தாலும் போனார்.

2023-ல் சட்டமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, 234-ல் 78 என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை எல்லாம் முடிந்த பிறகுதான் என்று அதிலேயே எழுதியிருப்பதையும் சொன்னேன். பெரியம்மா சிரித்தார். 'எழுபத்தெட்டு வீட்டுக்காரம்மா' என்றார்.

2021 ஏப்ரல் 6 அன்று நான் பூத்தில் ஏஜெண்டாக உட்கார்ந்தேன், அவருக்காகத்தான். கொரோனா நேரம், அவருக்கு எழுபது நெருங்கிவிட்டது, நாள் முழுக்க உள்ளே உட்காரக் கூடாது என்று தடுத்துவிட்டோம். முதல்நாள் ராத்திரி எனக்குப் பாடம் எடுத்தார். காலையில் மாதிரி வாக்குப்பதிவில் ஐம்பது ஓட்டாவது போட்டுக் காட்டுவார்கள், எண்ணிப் பார், அழித்த பிறகு சைபர் காட்டுகிறதா என்று பார், சீல் வைக்கும்போது கையெழுத்துப் போடு, சாயங்காலம் பூத்தில் விழுந்த மொத்த ஓட்டுக்கான கணக்கு, 17சி படிவம், கையில் வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. ஓட்டுப் போட வந்த ஒவ்வொருவர் கைக்கும் பாலிதீன் கையுறை மாட்டிய அந்த நாளில், காலை ஏழிலிருந்து ராத்திரி ஏழு வரை வரிசை எண் அடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற தம்பிகள் மத்தியானத்துக்குப் பிறகு கண்ணில் படவில்லை. தெருவில் யார் இன்னும் வரவில்லை என்று பெரியம்மாதான் வீட்டு வாசலில் உட்கார்ந்து போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். 17சி-யை நான் வாங்கி வெளியே வந்ததும் ஒரு பொறுப்பாளர் அதை என் கையிலிருந்து வாங்கிப் படம் எடுத்து மேலே அனுப்பினார்.

ஒரு வாரம் கழித்து முக்கில் நன்றி சொல்லி பிளக்ஸ் வைத்திருந்தார்கள். இருபத்து மூன்று தலைகள், நான் எண்ணினேன், பெயரும் பதவியும் போட்டு. கீழே கடைசி வரியில் 'மற்றும் மகளிர் அணியினர்' என்று இருந்தது. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தார்.

'போன தடவை மகளிர்னு போடத் தெரியாம மகளீர்னு நெடில் போட்டிருந்தான்' என்றார். 'இந்தத் தடவை சரியா போட்டிருக்கான்.'