ஒன்பதாவது பத்தி

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு எங்கள் அலுவலகத்தில் தயாராகும் கூட்டு மனுவின் ஒன்பதாவது பத்தி, பேசி முடித்த தொகையை மனைவி நிரந்தர ஜீவனாம்சமாகப் பெற்றுக்கொண்டு, இனி எக்காலத்திலும் கணவரிடம் எதுவும் கோர மாட்டார் என்று சொல்லும். அதை வாசித்து முடித்ததும் அந்த அம்மா, "நாளைக்கு உடம்பு முடியாம வேலைக்குப் போக முடியலைன்னாலும் கேட்கக் கூடாதா சார்?" என்றார். "எல்லா மனுவிலும் இது இருக்கும்மா" என்றேன். கையெழுத்திட்டார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. அவர் கேட்டது அதுவல்ல என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. சூழ்நிலை மாறினால் ஜீவனாம்ச உத்தரவை நீதிமன்றம் மாற்றியமைக்கலாம் என்கிறது இந்துத் திருமணச் சட்டத்தின் 25ஆவது பிரிவு. மொத்தமாக ஒரு தொகை பெற்றுச் சமரசமான மனைவி, பிறகு வேறொரு சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கேட்க அந்தச் சமரசம் தடையாகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் விவாகரத்து ஆகியிருக்கவில்லை என்பதால், இவருக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது வாதத்துக்குரியது. ஆனால் "அப்படி முழுவதுமாகக் கதவு மூடிவிடாதும்மா" என்று சொல்ல அவ்வளவு சட்டம் தேவைப்பட்டிருக்காது.

சொல்லியிருந்தால் கணவர் பின்வாங்கியிருப்பார். இனி வழக்கு, வாய்தா என்று அலைய வேண்டியதில்லை என்ற நம்பிக்கையில்தான் அவர் ஊரிலிருந்த மனையை விற்று டிமாண்ட் டிராஃப்ட் எடுத்திருந்தார். அவரும் எங்கள் கட்சிக்காரர்.

மனு போட்டபின் 13பி பிரிவின்படி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், தீர்ப்பாணை வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், ஆகவே யோசிக்க அவருக்கு அவகாசம் இருந்தது என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தக் கோரும் மனுவைத் தட்டச்சுக்குக் கொடுத்ததும் நான்தான். பிரிந்து வாழ்ந்த காலம் போதுமான அளவு கடந்திருந்து, ஜீவனாம்சம் உள்ளிட்ட எல்லாம் உண்மையாகவே பேசித் தீர்ந்திருந்தால் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்ற 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி, எல்லாம் தீர்ந்ததற்குச் சான்றாக அதே ஒன்பதாவது பத்தியை மேற்கோள் காட்டியிருந்தேன்.

இருவருமே சீக்கிரம் முடியட்டும் என்றுதான் கேட்டார்கள். அதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

சென்ற மாதம் இன்னொரு தம்பதியிடம் அந்தப் பத்தியை நிறுத்தி விளக்கத் தொடங்கினேன். கணவர் குறுக்கிட்டு, "சார், நீங்க யாரோட வக்கீல்?" என்றார். மேசையில் இருந்த வக்காலத்தில் இருவர் கையெழுத்தும் இருந்தது.