துன்பியல் நாடகம், ஆய்வுக் கட்டுரை: கேள்வி பிடிபட்ட பிறகு நூலகம்

பள்ளி இறுதியாண்டு ஆங்கில வகுப்பில் துன்பியல் நாடகம் பற்றி ஆய்வுக் கட்டுரை கேட்டால், பலரும் முதலில் ஓடுவது இணையத்துக்கு. அங்கே தொடங்கும் கட்டுரை அநேகமாக ஒரே இடத்தில் போய் நிற்கும்: "நாயகனின் கர்வமே அவன் வீழ்ச்சிக்குக் காரணம்." ஈடிபஸுக்கும் இதுதான், கிரியானுக்கும் இதுதான், மக்பெத்துக்கும் இதுதான். பெயரை மாற்றினாலும் வாக்கியம் அப்படியே பொருந்துகிறதென்றால் அதில் வாதம் எதுவும் இல்லை.

எனவே முதலில் நாடகம், இரண்டு முறை. சோஃபோக்ளீஸின் 'ஆண்டிகனி' கிரேக்க மூலத்தில் 1,353 வரிகள்தான். ஒரே அமர்வில் படித்துவிடலாம். முதல் வாசிப்பில் பென்சில் வேண்டாம். இரண்டாவதில் யார், எந்த வரியில், என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதை மட்டும் ஓரத்தில் குறிக்க வேண்டும். கதையைப் பார்த்துப் பாடியும் பேசியும் கருத்துச் சொல்லும் குழுவான கோரஸின் பாடல்களைத் தாண்டிப் போகும் ஆசை வரும், தாண்டக் கூடாது. முக்கியமான இடம் அங்கேயே ஒளிந்திருக்கலாம்.

தீப்ஸ் நகரின் அரசன் கிரியானையே எடுத்துக்கொள்ளலாம். பாலிநைசீஸின் பிணத்தைப் புதைக்கக் கூடாது என்று தடை போட்டவன் அவன். அதை மீறிய சகோதரி ஆண்டிகனியைக் குகையில் அடைத்தவனும் அவன்தான். கண் தெரியாத தீர்க்கதரிசி டெய்ரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போனதும் அவன் இறங்கி வருகிறான், என்ன செய்வதென்று கேட்கிறான். கோரஸின் பதில் 1100–1101 வரிகளில் இருக்கிறது: பெண்ணைக் குகையிலிருந்து விடுவி, வெளியே கிடக்கும் பிணத்துக்குக் கல்லறை எழுப்பு. கட்டிய நானே அவிழ்க்கிறேன் என்று சொல்லித்தான் அவனும் கிளம்புகிறான். ஆனால் பின்னால் வரும் தூதுவன் சொல்வதைக் கவனித்தால், அவர்கள் முதலில் போனது பாலிநைசீஸின் உடலிடம். கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பிய பிறகுதான் குகைக்குப் போகிறார்கள். அதற்குள் ஆண்டிகனி தூக்கில் தொங்குகிறாள்.

வரிசை ஏன் மாறியது? பிடிவாதம் என்று சொல்ல முடியாது. அதை அவன் ஏற்கெனவே விட்டுவிட்டான். புதைக்காத பிணத்தால் பலிபீடங்கள் தீட்டுப்பட்டன என்ற டெய்ரீசியஸின் எச்சரிக்கை அவனை முதலில் பிணத்தை நோக்கித் தள்ளியிருக்கலாம். நகரத்தை முன்னே வைத்தே பழகிய அரசனின் புத்தியாகவும் இருக்கலாம். ஒன்றைத் தேர்ந்து இப்படி எழுதலாம்: "கிரியானை அழிப்பது பிடிவாதம் அல்ல, மனம் மாறிய பிறகும் உயிரோடு இருப்பவளை இரண்டாவதாக வைத்ததுதான்." இதை மறுக்க ஆள் இருக்கும். ஆண்டிகனி மேடைக்கு வெளியே இறக்க நேரம் வேண்டியதால் நாடகாசிரியர் செய்த ஏற்பாடு மட்டுமே என்பார்கள். அந்த மறுப்புக்கு ஒரு பத்தி ஒதுக்கிப் பதில் சொல்வதுதான் கட்டுரையின் முதுகெலும்பு.

இப்போது நூலகம். அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' முழுதும் தேவையில்லை. 6 முதல் 14 வரையான அதிகாரங்கள் போதும். 13ஆம் அதிகாரத்தில் அவர் பேசுவது கெட்ட குணத்தால் அல்ல, ஏதோ ஒரு பிழையால் விழுகிறவனைப் பற்றி. குணக்குறையைப் பெரிதாகப் பேசும் விமர்சகர் ஏ. சி. பிராட்லியின் 1904 நூல் ஷேக்ஸ்பியருக்கு உரியது. அதைக் கிரேக்க நாடகத்தின் மேல் ஒட்டினால் ஆசிரியர் கட்டாயம் கேட்பார். (கதை ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்ற விதியையும் அரிஸ்டாட்டில் தலையில் கட்ட வேண்டாம். அவர் அப்படிச் சொல்லவில்லை.)

ஆய்விதழ்க் கட்டுரைகளின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் 'ஆண்டிகனி' என்று மட்டும் தேடினால் மூழ்கிவிடுவோம். கிரியான், அடக்கம், தூதுவன் என்று கேள்வியிலுள்ள சொற்களையும் சேர்த்துத் தேட வேண்டும். ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் அடிக்குறிப்புகளே அடுத்த மூன்றைக் காட்டிக்கொடுக்கும். குறிப்பெடுக்கும்போதே பிறர் வாக்கியத்துக்கு மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட்டுவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து எது நம் வாக்கியம், எது அவருடையது என்று தெரியாமல் போவதால்தான் பல கருத்துத் திருட்டுப் புகார்கள் வருகின்றன.

பதிப்பும் முக்கியம். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டின் தயக்கம் பற்றி எழுதுபவர்கள் நான்காம் அங்கத்தில் நார்வே இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸின் படையைப் பார்த்தபின் அவன் பேசும் தனிமொழியை நம்புவார்கள். அது 1604–05 குவார்ட்டோவில் (சிறு அளவுத் தனிப் பதிப்பு) உண்டு, 1623 ஃபோலியோவில் (பெரிய அளவுத் தொகுப்பு) இல்லை. எந்தப் பதிப்பைப் படித்தோம் என்று சொல்லாவிட்டால் வாதம் அங்கேயே சரியும்.

மேற்கோள் காட்டும் எம்.எல்.ஏ. (Modern Language Association) முறையில் செய்யுள் நாடகத்துக்குப் பக்க எண் அல்ல, வரி எண். ஷேக்ஸ்பியருக்கு அங்கம், காட்சி, வரி மூன்றும் புள்ளியிட்டு வரும். மூன்று வரி வரை பத்திக்குள்ளேயே, வரிகளுக்கு நடுவே சாய்கோடு. அதற்கு மேல் போனால் தனியே உள்தள்ளி, மேற்கோள் குறி இல்லாமல். கிரேக்க நாடகமென்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கட்டாயம் தர வேண்டும். சில மொழிபெயர்ப்புகள் மூலத்தின் எண்ணை விட்டுத் தமக்கென ஒரு வரிசை வைத்திருக்கும். ஓரத்தில் இருப்பது எந்த எண் என்று பார்த்த பிறகே மேற்கோளில் இட வேண்டும்.