சருகுக்குள் ஓர் ஆறுமணிக்குருவி

அக்டோபர் 17, நகரி

ராத்திரி முழுக்க மழை. விடியற்காலையில் தோப்பு வீட்டு ஜன்னல் கண்ணாடியில் டொம்மென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் திண்ணையில் ஒரு பறவை, கண் பாதி மூடி உட்கார்ந்திருக்கிறது. இறக்கையில் நீலம் தெரிந்ததும் மீன்கொத்தி என்றுதான் நினைத்தேன். அப்புறம் கண்ணை மூடினாற்போல் போகும் கறுப்புப் பட்டையைப் பார்த்தேன். ஆறுமணிக்குருவி!

வடக்கிலிருந்து ராத்திரி நேரத்தில் பறந்து வரும் பறவை இது. வழியில் களைத்துப்போய் இப்படிச் சுவரிலும் கண்ணாடியிலும் மோதிவிடும். செருப்பு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, இருட்டான அறையில் வைத்தேன். வாயில் தண்ணீர் ஊற்றவில்லை, மூச்சுக்குழாயில் போய்விடும்.

எடுத்து வைக்கும்போது கையில் கனமே இல்லை. முதுகு பச்சை, தொண்டை வெள்ளை, மார்பு சந்தன நிறம். அடிவயிறு மட்டும் குங்குமத்தில் தோய்த்தெடுத்த சிவப்பு. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். கால்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம்.

சாயங்காலம் ஓடையோரம் புங்கமரத்தடியில் பெட்டியைத் திறந்தேன். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு இரண்டு தத்து, சருகுக்குள் போய்விட்டது. தோப்பில் வேலை செய்யும் அக்கா தூரத்திலிருந்து கேட்டார்: "பிட்ட எகிரிபோயிந்தா?" பறவை பறந்துபோய்விட்டதா என்று.

அக்டோபர் 18

அக்கா சொன்ன அந்தத் தெலுங்குச் சொல்தான் இந்தப் பறவையின் அறிவியல் பெயரிலும் இருக்கிறது. பிட்ட என்றால் சின்னப் பறவை. 1766-இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் அறிவியலாளர் இதைக் காக்கை இனத்தில் சேர்த்து, குட்டைவால் காக்கை என்று பொருள்படப் பெயர் வைத்தார். 1816-இல் வியேயோ என்ற பிரெஞ்சுக்காரர் பிட்டா என்று தனிப் பேரினமாக்கினார். நம் பக்கத்து ஊர்ச் சொல் உலகம் முழுக்கப் போயிருப்பதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

நவம்பர் 3

கூப்பிட்டுவிட்டது! காலை ஆறுக்கு முன்னால் இரண்டே சுருதியில் ஒரு சீழ்க்கை, தலையைப் பின்னால் சாய்த்து. மாலையிலும் அதே நேரம். தமிழில் வைத்த பெயர் எவ்வளவு சரியான பெயர்.

அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். அலகால் ஒரு மா இலையைப் புரட்டும், நிற்கும், குட்டைவாலை மேலும் கீழும் ஆட்டும், இன்னோர் இலை. ஈர மண்ணிலிருந்து ஒரு புழுவை இழுத்துத் தின்றது. இரை முழுக்கத் தரையில்தான். உறங்க மட்டும் மரத்துக்குப் போகும்.

நவம்பர் 20

சித்தப்பா சருகைக் கூட்டிக் கொளுத்தச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். "ஒரு குருவிக்காகத் தோப்பையே குப்பையா விடணுமாடா?" என்றார். சருகை எரித்தால் அதிலிருக்கும் புழு பூச்சியும் போய்விடும், குருவிக்கு இங்கே வேறு சாப்பாடு இல்லை என்று சொன்னேன். கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். சிவப்பைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். சரி, ஓடையோரம் நாலு வரிசை மட்டும் விடு என்றார்.

டிசம்பர் 9

மழை. சீழ்க்கை மட்டும் கேட்டது.

ஏப்ரல் 28

மூன்று நாளாகச் சத்தமில்லை. கிளம்பியிருக்கும். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியக் காடுகள் என்று போய், மழைக்காலத்தில் தரையிலோ தாழ்ந்த கிளையிலோ பந்துபோலக் கூடு கட்டும். வாசல் பக்கவாட்டில். நாலைந்து முட்டை.

ஜன்னலுக்கு வெளியே பழைய வலையைக் கட்டிவிட்டேன். சித்தப்பா மாங்காய் பறிக்க ஆள் பேசிவிட்டு வந்து, "எப்ப திரும்பி வரும்?" என்று கேட்டார். ஐப்பசியில் என்றேன்.