கைப்பிரதிக் குறிப்பில் நடையைப் பற்றிய பத்தி

சென்னைப் புத்தகக் காட்சி சனவரியில் வருவதால், இராயப்பேட்டையிலுள்ள எங்கள் பதிப்பகத்தில் ஆடி மாதத்திலிருந்தே நாவல் கைப்பிரதிகள் குவியத் தொடங்கிவிடும். அவற்றைப் படித்து, வெளியிடலாமா என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தருவது என் வேலை. கதைச் சுருக்கத்தை யாரும் எழுதிவிடலாம். நடையைப் பற்றிய பத்தியில்தான் பேனா தயங்குகிறது. எளிமையான நடை, விறுவிறுப்பான நடை, யதார்த்தமான நடை என்ற மூன்றுக்குள் பெரும்பாலான குறிப்புகள் அடங்கிவிடுகின்றன. படித்தவருக்குப் பிடித்ததா என்பது அவற்றிலிருந்து தெரியும். எழுதியவர் வாக்கியத்தில் என்ன செய்திருக்கிறார் என்பது தெரியாது.

குறை சொல்வதற்கு எனக்குப் பெரிதும் கைகொடுப்பது பவணந்தி முனிவரின் நன்னூல். அதன் பாயிரத்தில் வரும் பத்துக் குற்றங்கள் இலக்கண நூல்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. நாவலுக்கு அவற்றைப் பொருத்துவது பண்டிதர்களுக்கு உவப்பாக இராது. ஆனாலும் வலுவாகத் தொடங்கிய கதை பாதிக்குமேல் நீர்த்துப்போகும்போது ‘சென்றுதேய்ந்து இறுதல்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைத்ததில்லை. கிளைக்கதை மையக்கதையை விழுங்கினால் ‘மற்றொன்று விரித்தல்’. சொல்லழகு மட்டும் மிஞ்சும் வருணனை ‘வெற்றெனத் தொடுத்தல்’. ஒவ்வொன்றையும் பக்க எண்ணோடு சுட்ட முடிவதால், எழுத்தாளரும் பெரும்பாலும் கோபித்துக்கொள்ளாமல் திருத்த முன்வருகிறார்.

தொனியைச் சொல்வது அவ்வளவு சுலபமன்று. நியாயவிலைக் கடை வரிசையைப் பற்றிய ஓர் அத்தியாயத்தில், “சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று அறிவித்த ஊழியரின் குரலில், மகளின் திருமணத்தை அறிவிப்பவரின் நிறைவு இருந்தது” என்றொரு வரி வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த உதவியாசிரியர் அதை நகைச்சுவை என்று குறித்திருந்தார். போதாது என்றேன். “சிரிப்பு வருதே சார், அப்புறம் என்ன?” என்றார். சிரிப்பு வருவது உண்மைதான். அது யார்மீது என்பதே கேள்வி. நையாண்டி என்றால் ஊழியரோடு விளையாட்டு முடிந்துவிடும்; அங்கதம் என்றால் அவருக்குப் பின்னாலிருக்கும் ஏற்பாட்டின்மேல் குறி விழும். தொல்காப்பியம் அங்கதத்தை, நேரடியாக வைகிற செம்பொருள் என்றும், வசையை மறைத்துச் சொல்லும் பழிகரப்பு என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. புறநானூற்றின் 95ஆம் பாடலில் தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல்மனையில் இருப்பதையும், அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஔவையார் அடுத்தடுத்து வைக்கிறார். வசைச்சொல் ஒன்றுகூட இல்லை; புகழ்வதுபோலவே, தொண்டைமானின் படை போர் காணாதது என்று குத்திவிடுகிறார். சர்க்கரை வரியும் அந்த வகைதான். பழிகரப்பு என்று எழுதினால் பதிப்பாளர் விளக்கம் கேட்பார் என்பதால், ‘பாராட்டுவதுபோல் குத்தும் தொனி’ என்று எழுதினோம்.

‘சோகமான தொனி’ என்பதையும் இப்போது நான் ஏற்பதில்லை. உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு (பிறர் இகழ்வதால் வரும் அவமானம்), இழவு (இழப்பு), அசைவு (முன்னைய நிலையிலிருந்து தாழ்தல்), வறுமை என்று நான்கு காரணங்களைத் தருகிறது. அண்மையில் வந்த ஒரு கைப்பிரதியில் தந்தையின் சாவு வீட்டைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஆனால் மனத்தைத் தைத்தது, பிணம் எடுக்கும்முன் கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் நாலே வரிகள்தாம். அந்த நாவலின் அழுகை இழவிலன்று, இளிவில் இருக்கிறது என்று குறிப்பில் எழுதி, ஒப்பாரிப் பக்கங்களைக் குறைத்துக் கடன்காரர் காட்சியை வளர்க்கலாம் என்ற யோசனையோடு ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறோம்.